உடம்பில் மஞ்சள் ஏற்றுவது எப்படி?

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இதுவரை மஞ்சள் சாப்பிட்டதே இல்லை. சாம்பாரில் போட்டது, ரசத்தில் கரைந்தது, மீனில் தடவிப் பொரித்தது எல்லாம் சமையல் கணக்கில் போய்விட்டது. ஆரோக்கியத்துக்காக மஞ்சள் சாப்பிடுவது வேறு. அதற்கு விடிகாலையில் எழுந்திருக்க வேண்டும். வயிறு காலியாக இருக்க வேண்டும். குடிக்கும்போது முகம் கோண வேண்டும். குடித்து முடித்ததும், இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டாரைப் பார்த்து லேசாக இரக்கப்பட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பலன் கிடையாது.

அடுத்தது நோயைத் தேர்ந்தெடுப்பது. மற்ற மருந்துகளுக்கு நோய் முதலில் வரும், மருந்து பின்னால் வரும். மஞ்சளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பிய பட்டியலை எடுத்துப் பாருங்கள்: மூட்டுவலி, சர்க்கரை, மறதி, மனச்சோர்வு, முடி உதிர்தல், புற்றுநோய். இதில் ஏதாவது ஒன்று உங்களுக்கு இருக்கும். இல்லாவிட்டால் இருப்பதாகத் தோன்ற ஆரம்பிக்கும். அப்படியும் நழுவுகிறவர்களைப் பிடிக்கத்தான் பட்டியலின் கடைசியில் ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்று போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து யாரும் தப்பியதில்லை. கொரோனா வந்த 2020இல் ஆயுஷ் அமைச்சகமே 150 மில்லி சூடான பாலுக்கு அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் என்று அளவு சொல்லிவிட்டது. நாம் அளவோடு நிற்கிறவர்களா? பாலில் கலந்தது போக, மிச்சத்தை வேப்பிலையோடு அண்டாவில் கரைத்துத் தெருவுக்கும் தெளித்தோம். தார் ரோட்டுக்கு அதற்கப்புறம் சளி பிடித்ததாகத் தகவல் இல்லை.

வாங்குவது

கடையில் விரலி மஞ்சள் இருக்கும், குண்டு மஞ்சள் இருக்கும், கஸ்தூரி மஞ்சள் இருக்கும். விரலி குழம்புக்கு. குண்டு பூசிக் குளிக்க. கஸ்தூரி முகத்துக்கு. கஸ்தூரி மஞ்சளைத் தெரியாமல் பாலில் போட்டுவிட்டால் கற்பூர வாசனையோடு ஒரு பானம் கிடைக்கும். அதைக் குடிப்பதைவிடப் பூஜை அறையில் வைத்துவிடலாம்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். கொங்கு விவசாயி எட்டு ஒன்பது மாதம் வளர்த்து, வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, பாலிஷ் போட்டு ஏலத்துக்குக் கொண்டுவருகிறார். அன்றைய விலையைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். மஞ்சள் இதயத்துக்கு நல்லது என்ற செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

ஆனால் நீங்கள் ஆர்வலராகிவிட்டீர்கள். ஊர்ப் பெயர் போதாது, சதவீதம் வேண்டும். மஞ்சளில் மருந்துச் சரக்கு என்று சொல்லப்படுவது குர்குமின். சாதாரண மஞ்சள்தூளில் ஏறக்குறைய 3 சதவீதம் இருக்கும். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவீதத்துக்கு மேலும் போகும். இந்த அறிவோடு மளிகைக் கடைக்குப் போய்ப் பாருங்கள்.

“அண்ணாச்சி, இதுல குர்குமின் எத்தனை பர்சென்ட்?”

“தம்பி, நூறு கிராமா, கால் கிலோவா? அதச் சொல்லுங்க. பின்னால ஆள் நிக்குது.”

நிறத்தைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். இந்த இடத்தில் கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுகிறேன். வங்கதேசத்தில் 1980களில் ஒரு பெருவெள்ளத்தில் மஞ்சள் நனைந்து நிறம் மங்கிப்போனது. அதற்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் என்ற பெயின்ட் நிறமியைத் தூவ ஆரம்பித்தார்கள். வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. 2019இல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசாங்கம் இறங்கிச் சோதனை நடத்தி, மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டு, அதை டிவியிலும் காட்டியது. 2021இல் அந்த 47 பூஜ்யமாகிவிட்டது. நம் நாட்டில் பாட்னாவில் எடுத்த மாதிரிகளிலும் இதே ஈயம் இருந்திருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தொடும். மறதிக்கு நல்லதென்று மஞ்சள் வாங்கி, பேரனின் மூளையை ஈயத்துக்குக் கொடுப்பது நல்ல பேரமில்லை.

ஆகவே விரலியாக வாங்கி, இடித்து உடைத்து, மில்லுக்குக் கொண்டுபோங்கள். மில்லில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “அண்ணே, இப்பதான் மிளகா அரைச்சீங்களா?” இதைக் கேட்காமல் அரைத்து வந்த மஞ்சளை முகத்தில் பூசியவர்கள் அந்த மில்காரரை மறப்பதே இல்லை.

உள்ளே அனுப்புவது

இதுதான் கையேட்டின் முக்கியமான பகுதி. ஏனென்றால் உங்கள் உடம்புக்கு இதில் விருப்பம் கிடையாது.

குர்குமின் தண்ணீரில் கரையாது. டம்ளரில் போட்டுக் கலக்கினால் சுற்றும், பிறகு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் குடிப்பது மேலே உள்ள மஞ்சள் நிறத் தண்ணீரை. அடியில் இருக்கும் மருந்தைப் பாத்திரம் கழுவும் தொட்டி குடிக்கிறது. சரி, எண்ணெயிலோ பாலின் கொழுப்பிலோ கலந்து ஒருவழியாக வயிற்றுக்குள் அனுப்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குடல் அதில் பெரும்பகுதியை உள்ளே விடாது. கொஞ்சம் நுழைந்துவிட்டால் குடல் சுவரும் ஈரலும் சேர்ந்து அதை உருமாற்றி வெளியே அனுப்பிவிடும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அது ஏறக்குறைய கண்ணிலேயே படவில்லை. அதோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உறிஞ்சும் அளவு 2000 சதவீதம் கூடியது.

இந்த 2000 சதவீதத்தைத்தான் எல்லா மாத்திரை டப்பாவிலும் பார்க்கிறீர்கள். இல்லாததற்குப் பக்கத்தில் இருந்த ஒன்று இருபது மடங்கானது என்று டப்பாவில் எழுத முடியாது, இடம் போதாது.

மிளகு என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குர்குமினைப் பிடித்து வெளியேற்றும் நொதிகளை அது மந்தமாக்குகிறது. வாசலில் நிற்கும் வாட்ச்மேனைத் தூங்கவைத்த மாதிரி. உங்கள் விருந்தாளி உள்ளே வந்துவிடுவார், அவர் பின்னால் வருகிறவர்களும் வந்துவிடுவார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான ப்ராப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவும் பைப்பரினால் ரத்தத்தில் கூடுகிறது. ரசத்தில் தட்டிப்போடும் மிளகைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். பிரித்தெடுத்த பைப்பரினைத் தினமும் மாத்திரையாக விழுங்குகிறவர்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

“எனக்கு மாத்திரை வேண்டாம், பாட்டி காலத்து வழியிலேயே போகிறேன்” என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பானை ரசத்துக்கு அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், அதாவது ஒன்றேகால், ஒன்றரை கிராம். அதில் குர்குமின் 40 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆய்வுகளில் கொடுக்கும் 2 கிராமைத் தொட வேண்டுமானால் ஒரு நாளைக்கு 50 பானை ரசம். பாட்டி அப்படிக் குடித்ததாக நினைவில்லை. பாட்டி மஞ்சளால்தான் தொண்ணூறு வயது வரை இருந்தாள் என்கிறோம். பத்து வயது முதல் அவள் தண்ணீர் சேந்தினாள், மாவாட்டினாள், வயல் வரப்பில் நடந்தாள். அந்தக் காரணங்களைக் கையிலெடுத்தால் நாமும் மாவாட்ட வேண்டியிருக்கும். மஞ்சள் சௌகரியம்.

ஆதாரம் கேட்பவர்களைச் சமாளிப்பது

வீட்டுக்கு ஒருவர் இருப்பார். பெரும்பாலும் கல்லூரியில் படிக்கிற தம்பி மகள். “பெரியப்பா, இதுக்கு ப்ரூஃப் என்ன?” என்று கேட்பாள்.

உடனே அமெரிக்காவின் காப்புரிமை வழக்கை எடுங்கள். 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். மஷேல்கர் தலைமையில் இருந்த நம் அறிவியல், தொழிலக ஆய்வுக் குழு பழைய நூல்களையும் கட்டுரைகளையும் அடுக்கி வழக்காடியது. 1997இல் காப்புரிமை ரத்தானது. இதைக் கம்பீரமாகச் சொல்லி முடித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட வேண்டும். அவளுக்கு யோசிக்க நேரம் கொடுத்தால், அந்த வழக்கில் நிரூபணமானது ‘இது எங்களுக்கு முன்னமே தெரியும்’ என்பது மட்டும்தான் என்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். புண் ஆறுமா என்ற கேள்வியை அந்தக் காப்புரிமை அலுவலகத்தில் யாரும் விசாரிக்கவில்லை. நாம் வென்றது முன்னுரிமையை. அதைக் குணம் கண்டதாக வீட்டில் அறிவித்துக்கொண்டோம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் கேட்கும் மஞ்சள் பிரசங்கம் எதிலும் இந்த வித்தியாசம் வந்ததில்லை.

அவள் விடாப்பிடியாக இருந்தால் 2017இல் வந்த ஒரு வேதியியல் கட்டுரையையும் காட்டுவாள். 120க்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளை அலசிய அமெரிக்க வேதியியலாளர்கள், பொய் மாத்திரையோடு ஒப்பிட்டு இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய எந்தச் சோதனையிலும் குர்குமின் ஜெயிக்கவில்லை என்று எழுதினார்கள். சோதனைக் குழாயில் அது அற்புதம் செய்வதற்கும் அவர்கள் காரணம் சொன்னார்கள். குர்குமின் கிடைக்கிற புரதத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், தானே ஒளிரும், சீக்கிரம் சிதையும். எந்த நோய்க்கு மருந்தா என்று கேட்டாலும் அந்தச் சோதனைகளில் ‘ஆமாம்’ என்று பதில் வந்துவிடும்.

முழுக்கத் தோற்றுவிட வேண்டாம், உங்கள் பக்கமும் சீட்டு இருக்கிறது. 2023இல் தாய்லாந்தில் 206 அஜீரணக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வில், நான்கு வாரம் குர்குமின் சாப்பிட்டவர்களுக்கும் ஒமிப்ரசோல் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நிம்மதி கிடைத்தது. முழங்கால் தேய்மான வலியிலும் சில சிறிய ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. ஆகவே வயிற்று மந்தத்துக்கும் முழங்காலுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். முடி உதிர்தலை விட்டுவிடுங்கள், சித்தப்பாவின் தலையே சாட்சி.

கடலுக்கு அந்தப் பக்கம் இந்த வாதம் எதுவும் தேவைப்படவில்லை. இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டிருந்த 2020இல் அங்கே விலை பல மடங்கு ஏறியது. ராமநாதபுரம் கரையிலிருந்து மூட்டை மூட்டையாக மஞ்சள் படகேறியது. கடலோரக் காவல் படை பிடித்தது போக மிச்சம் கரை சேர்ந்தது. கடத்திக் கொண்டுபோன மஞ்சளை அங்கே யாரும் மாத்திரைக்காகத் தேடவில்லை. பருப்புக் கறி வெளுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

டாக்டரிடம் என்ன சொல்லலாம்

வழக்கமாக நாம் சொல்வது: “மருந்து எதுவும் சாப்பிடல டாக்டர்.” மஞ்சள் மாத்திரை, முருங்கை மாத்திரை, யாரோ துபாயிலிருந்து வாங்கிவந்த டப்பா எல்லாம் நம் கணக்கில் மருந்தில் சேராது, ‘இயற்கை’யில் சேரும். டாக்டரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

இதில் மட்டும் நான் சொல்வதைத் தலைகீழாகச் செய்துவிடாதீர்கள்: சொல்லுங்கள். அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவர் குழு 2022இல், மஞ்சள் மாத்திரையால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதியது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவந்தது, ஒருவர் இறந்துபோனார். பெரும்பாலானவர்களிடம் ஒரே வகை மரபணு அடையாளம் இருந்தது. சில மாத்திரைகளில் அந்த மிளகுச் சரக்கும் இருந்தது. 2019இல் இத்தாலியிலும் இதேபோல் வரிசையாகச் சிலருக்கு வந்ததால் அந்த அரசு எச்சரிக்கை வெளியிட்டது. ஈரலைச் சுத்தப்படுத்த மஞ்சள் சாப்பிட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, காமாலைக்குக் கீழாநெல்லி தேடுவது நீண்ட சுற்றுவழி. பித்தப்பையில் கல் இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் இந்த டப்பாவைத் திறக்கும் முன் கேட்டுவிடுங்கள். குழம்பில் போடுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

சட்டையில் பட்டால்

பயிற்சியைத் தொடர்ந்தால் இது நிச்சயம் நடக்கும். பெரும்பாலும் வெள்ளைச் சட்டையாக இருக்கும். பதறிப்போய் சோப்புப் போட்டீர்கள் என்றால் கறை சிவப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிற அதே வேலைதான், சோப்பும் காரம்தான். யாரையும் திட்ட வேண்டாம். நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளுக்கு வந்துவிடும். பிறகு ஈரத்தோடு உச்சி வெயிலில் கொடியில் போடுங்கள், கறை பட்ட பக்கம் சூரியனைப் பார்க்கிற மாதிரி. குர்குமினுக்கு வெயில் ஆகாது, வெளுத்துப்போகும். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் போடுங்கள். கொடிக்குக் கீழே மிளகாய் வற்றல் காய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.