லேசர் ஜாமருக்கு முத்திரை கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: நெய்வேலி டவுன்ஷிப்வாசி ஒருவர் (பெயரைச் சொன்னால் அடுத்து வண்டி நம்பரைக் கேட்பீர்கள், வேண்டாம்)

பெறுநர்: முத்திரை ஆய்வாளர் அவர்கள், சட்டமுறை எடையளவுப் பிரிவு, தொழிலாளர் துறை, கடலூர் மாவட்டம்

பொருள்: காரில் பொருத்தப்பட்ட லேசர் ஜாமருக்கு முத்திரையிடக் கோருதல் – தொடர்பாக

பார்வை: 1. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009. 2. வீட்டம்மாவின் வாய்மொழி எச்சரிக்கை. நாள் குறிப்பிடவில்லை, தினமும்.

ஐயா,

பஜாரில் கத்தரிக்காய் நிறுக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறீர்கள். பெட்ரோல் பம்பு, ஆட்டோ மீட்டர், துணிக்கடை மீட்டர் கோல், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் என்று எல்லாமே உங்கள் சட்டத்துக்குள் அடக்கம். ஆகவே என் காரின் முன்பம்பரில் உட்கார்ந்திருக்கும் லேசர் ஜாமருக்கும் ஒரு முத்திரை போட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அளக்கிற கருவிக்குத்தானய்யா முத்திரை, அளக்கவிடாமல் தடுக்கிற கருவிக்கு எதற்கு என்பீர்கள். கோபப்படாமல் படியுங்கள்.

போலீசார் கையிலிருக்கும் லேசர் ஸ்பீடு கன், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக வண்டி மேல் எறியும். அலைநீளம் சுமார் 905 நானோமீட்டர். 300 மீட்டர் தள்ளி வரும் காரில் பட்டுத் திரும்ப 2 மைக்ரோ நொடி ஆகிறது. மணிக்கு 72 கிலோமீட்டரில் வரும் கார் 0.3 நொடியில் 6 மீட்டர் நெருங்கிவிடும். அதற்குள் ஒளி போய்வரும் நேரம் 40 நானோ நொடி குறைந்துவிடும். ஒரு நானோ நொடியில் ஒளி போகும் தூரம் பள்ளிக்கூடத்து ஸ்கேல் நீளம். அந்த 40 ஸ்கேலை எண்ணித்தான் நமக்கு அபராதச் சீட்டு வருகிறது. இதில் ஒளியைப் பளிச்சென்று திருப்பி அனுப்பி உதவுவது, அரசாங்கமே மாட்டச் சொன்ன உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் மினுமினுப்பு.

அந்த முதல் துடிப்பு பட்ட கணமே விழித்துக்கொண்டு, தானும் அதே மாதிரி ஒளியை எதிரே வீசிக் கணக்கைக் குழப்புவது ஜாமரின் வேலை. என் பம்பரில் அதற்குப் பக்கத்திலேயே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்குகின்றன. இரண்டும் ஒரே துறைதான்: எதிரிலிருந்து வரும் பார்வையை வந்த வழியே திருப்புவது. எலுமிச்சைக்குச் சனிக்கிழமை தோறும் பத்து ரூபாய். ஜாமருக்கு ஒரு மாதச் சம்பளம்.

வாங்கியாயிற்று. வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் காலம் தள்ளியவன் நான். பெல்ட் ஓரம் ஓடும் புல் கார்டை இழுத்துப் பார்த்து, பெல்ட் நிற்கிறதா என்று கண்ணால் கண்டால்தான் ஷிப்ட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவேன். சோதிக்காத கருவியை நம்பி ராத்திரி தூங்க முடியாது. ஸ்பீடு கன்னுக்கு எங்கே போவேன்? வீட்டில் இருந்த துப்பாக்கி ஒன்றுதான்: டிவி ரிமோட்.

குவார்ட்டர்ஸ் வாசலில், தகரக் கொட்டகைக்குள் காரை நிறுத்தினேன். ரிமோட் கையில், பழைய செல்போன் ஸ்டூல் மேல். பின்பக்கக் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை; அகச்சிவப்பை வடிகட்டிவிடுகிறது. செல்ஃபி கேமராவைத் திருப்பினேன். ரிமோட்டின் மூக்கு நுனியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு மின்னியது. வால்யூம் பட்டனை அழுத்தினேன். கார் கூவியது! பம்பரிலும் அதே நிறத்தில் ஒரு பொட்டு. எதிர்வீட்டுப் பையனைச் சைக்கிளில் விட்டு, ஹேண்டில்பாரில் ரிமோட்டைக் கட்டி, பட்டனை அழுத்திக்கொண்டே வரச் சொன்னேன். நகரும் போலீசுக்கும் கூவியது. பக்கத்து வீட்டில் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் அண்டாவில் வெயில் பட்டுத் தெறித்ததற்கும் கூவியது. பூரித்துப்போனேன்.

பூரிப்பு நிலைக்கவில்லை. ரிமோட்டின் ஒளி 940 நானோமீட்டர். நொடிக்கு 38,000 முறை படபடப்பது. கன்னின் ஒளியோ நொடிக்குச் சில நூறு துடிப்புகள், அதுவும் ஊசிமுனை போல. நல்ல ஜாமர் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து ரிமோட்டைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டுமாம். ஆக, ரிமோட்டுக்குக் கூவினால் மட்டமான கருவி. கூவாவிட்டால் நல்ல கருவி, அல்லது செத்த கருவி. வீட்டுச் சோதனையால் இதுவரை நிரூபணமானது, என் கார் எங்கள் டிவியைவிட ரிமோட்டுக்கு மரியாதை கொடுக்கிறது என்பது மட்டுமே.

ஒரு வார்த்தை, கருவியின் உபயோக முறை பற்றி. கருவி கூவியதும் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறை, குறைந்ததும் கருவியை அணைத்துவிடு என்பதே இந்த வித்தையில் தேர்ந்தவர்கள் சொல்லும் முறை. ஒரு காருக்கு மட்டும் கன் எண் காட்டாமல் திணறினால் போலீசுக்குச் சந்தேகம் வரும். இப்போதைய கன்களில் சில, ஜாமர் வேலை செய்வதைத் தாமே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஆக, மிதவேகமாகப் போகச் சொல்லி நினைவூட்டும் கருவிக்கு நான் ஒரு மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறேன். அதே வேலையைப் பக்கத்து சீட்டிலிருந்து இலவசமாகச் செய்து வருபவரைத்தான் பார்வை 2-இல் குறிப்பிட்டிருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, வேகமீறலுக்குக் காருக்கான அபராதம் 1,000 ரூபாயில் தொடங்குகிறது என்ற கணக்கை அவர் போட்டுக் காட்டினார். அதை இங்கே விரிப்பதற்கில்லை.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். என் கருவியை ரிமோட்டால் சோதித்தேன் என்று சிரிப்பீர்கள். கன்னை யார் சோதித்தார்கள்? 1979-இல் அமெரிக்காவின் மயாமியில் போலீஸ் ரேடார் ஒரு பனைமரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் போவதாகக் காட்டியது. ஒரு வீடு 28 மைலில் போயிற்றாம். நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட்டது. நம் நாட்டில் 2021-இல் மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்ந்தது: கண்காணிப்புக் கருவிக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் சான்று வேண்டும், முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். (அரசாங்கமே பலகை வைத்து ‘பார்த்து வா’ என்று சொல்லிவிட்டால் ஜாமர் விற்பவன் எப்படிப் பிழைப்பான்?) வேகம் அளக்கும் ரேடாருக்கு உங்கள் சட்டத்தின் கீழ் முத்திரை விதி வந்தது 2025-இல், ஜூலை 1 முதல் அமல். கத்தரிக்காய்த் தராசு அதற்குள் எத்தனை முத்திரை வாங்கி எத்தனை முறை பழசாகியிருக்கும்!

விதியின் தலைப்பில் ரேடார் என்றுதான் இருக்கிறது. ரேடார் வானொலி இனம். லேசர் ஒளி இனம். லேசர் கன்னுக்கும் அதே முத்திரையா, அதற்குத் தனி விதி வருமா? தெளிவுரை தந்தால் என்னைப் போன்றோர் நிம்மதியாகக் குற்றம் செய்யலாம். அளக்க வேண்டிய எல்லையும் ஓர் இடத்தில் நிற்பதில்லை, பாருங்கள். எக்ஸ்பிரஸ் சாலையில் 120 வரை போகலாம் என்று ஒன்றிய அரசு 2018-இல் சொன்னதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. சென்னை நகருக்குள் 2023 ஜூனில் பகலில் 40 என்றார்கள். நவம்பரில் காருக்கு 60 என்றார்கள்.

ஆகவே என் கோரிக்கை: முத்திரை குத்திய ஸ்பீடு கன் ஒன்றை அரை மணி நேரம் இரவல் கொடுங்கள். கொட்டகை முன்னால் நின்று நீங்களே என் காரைச் சுடுங்கள். ஜாமர் தோற்றால் கழற்றி எறிகிறேன். ஜெயித்தால் உங்கள் கன்னை நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம்? பிரிட்டனில் ஒருவர் ஜாமர் தைரியத்தில் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டிக்கொண்டே போய், 2018-இல் எட்டு மாதச் சிறைத்தண்டனை வாங்கினார். ஜாமரை வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆற்றில் வீசியும் பலனில்லை. என் வீட்டுக்குப் பின்னால் ஆறு இல்லை, மயில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தக் கருவியோடு நான் எங்கே வேகமாகப் போகப்போகிறேன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. டவுன்ஷிப்புக்குள் கியர் மாற்றுவதற்குள் வேகத்தடை வந்துவிடுகிறது. ஆர்ச் கேட்டைத் தாண்டினால் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை. நான்கு வழியாக்குகிறோம் என்று ஆண்டுக்கணக்காக இழுத்தடித்த சாலை. முன்னால் சாம்பல் லாரி, அதற்கு முன்னால் பலாப்பழ லாரி, அதற்கும் முன்னால் மாடு. இந்த ஊர்ச் சுரங்கத்தின் பெருமையான பக்கெட் வீல் இயந்திரம் நகர்கிற வேகத்தை, காலை நடைக்குப் போகும் பெரியவர்கள் செருப்போடு முந்திவிடுவார்கள். ஆனாலும் ஐயா, மீறுகிற வசதி கையில் இருந்தும் மீற இடமில்லாமல் போவது வேறு, வசதியே இல்லாமல் இருப்பது வேறு.

முத்திரைக் கட்டணத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் செலுத்துவது என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார் உரிமையாளர்.

பி.கு.: நேரில் ஆய்வுக்கு வருவதானால் மாலை ஆறு மணிக்குள் வந்துவிடவும். அதற்குப் பிறகு சோதனைக் கருவி சீரியலுக்குப் போய்விடும்.