பேர் வெட்டணுமா சார்?

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் பேரனுக்கு முதல் பிறந்தநாள். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், ஈ.சி.ஆரில், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட். கிளம்பும்போது தாம்பூலப் பைக்குப் பதிலாக ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார்கள். கன்னங்கரேலென்று, முக்கால் லிட்டருக்கு மேல் பிடிக்கிற சைஸ். உறிஞ்ச ஒரு குழல் வேறு. ஒரு பக்கம் குழந்தையின் பெயரும் யானைக்குட்டியும், மறுபக்கம் விருந்தாளியின் பெயர். குழந்தை இன்னும் பாலாடையில்தான் குடிக்கிறது.

என் டம்ளரில் இருந்தது என் பெயர் மாதிரி ஒன்று. என் பெயரில் ஓர் ஒகரம் வரும். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து என்று ஒன்றாம் வகுப்பில் பிரம்பு காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே எழுத்து அநாதையாக நிற்கிறது. பக்கத்தில் புள்ளிபுள்ளியாய் ஒரு வட்டம், அந்த வட்டத்துக்குக் கொம்பும் காலும். அறுபது வயதை நெருங்குகிறவனுக்கு இப்படியா கொம்பு முளைக்க வேண்டும்?

அதைவிட மோசம் அந்த மூடி. மூடியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். வருகிறேன்.

வெட்டியது வெளியாள் இல்லை. மச்சினனின் இளைய மகன்தான். செங்கல்பட்டில் வீட்டு மாடியில் ஃபைபர் லேசர் மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா எதுவானாலும் இருபத்தைந்து டம்ளருக்குக் குறையாமல் ஆர்டர் எடுக்கிறான்.

"மாமா, இதுல கீறுறதே கிடையாது. மேல இருக்கிற பவுடர் கோட்டிங்கை லேசர் எரிச்சு எடுத்துடும். அடியில இருக்கிற ஸ்டீல் பளிச்சுனு தெரியும்."

டம்ளரைப் படுக்கவைத்து ரோட்டரி என்ற உருளை மெதுவாகச் சுற்றுகிறது. டம்ளர் மேலே அகலம், அடியில் குறுகல். சாய்வைச் சரிக்கட்டாவிட்டால் பெயர் ஒரு பக்கம் இறங்கிவிடும். உருளை வழுக்கினால் எழுத்து நசுங்கும். இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிள்ளை கொம்பை மட்டும் கோட்டை விட்டான். கேட்டால், டிசைன் மென்பொருளுக்கு யூனிகோடு தமிழைக் கோத்துக் காட்டத் தெரியாதாம். "பேசாம இங்கிலீஷ்ல போட்டுக்கலாமே மாமா" என்றான். வயிறு எரிந்தது. அதில் பவுடர் கோட்டிங் இல்லை.

பேர் வெட்டுவது இவன் கண்டுபிடித்ததா என்ன? எவர்சில்வர் கடையில் பில் போட்டு முடித்ததும் "பேர் வெட்டணுமா சார்?" என்று கேட்பார்களே. கல்லா ஓரம் ஸ்டூலில் ஒருவர் இருப்பார். கையில் மின்சார ஊசி. டர்ர்ர் என்று பல் கூசும். எதையும் பார்த்து எழுதமாட்டார். நாம் சொல்லச் சொல்ல, குடத்தின் கழுத்தைச் சுற்றி எழுத்து ஓடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் எதற்கும் அந்தக் கை தயங்கி நான் பார்த்ததில்லை. அதற்கும் முன்னால் பித்தளைக் காலத்தில் உளியும் சுத்தியலும்தான். புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். என் அம்மாவின் அண்டாவில் தாத்தா பெயர் இன்னும் தடவினால் விரலில் படும்.

எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கினால் அப்பாவுக்கு ஆகாது. "எதுக்குடா பேரு? இனிஷியல் போதும்" என்று கே.எஸ். என்று இரண்டே எழுத்தில் முடித்தார். எங்கள் தெருவில் மொத்தம் மூன்று கே.எஸ். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் பாத்திரம் கொடுத்தால், திரும்பி வருவது எந்த கே.எஸ். வீட்டுடையது என்பதை நசுங்கலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீட்டு நசுங்கல் அடியில் இடப்பக்கம், நான் தேங்காய் உடைத்தது.

அன்பளிப்புப் பாத்திரங்கள் தனி ஜாதி. மணமக்கள் பெயர் பொடியாக, கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில், ஊர், தேதி, சில சமயம் வேலை பார்த்த இலாகா வரை. வாங்கியவர் அதை வேறு கல்யாணத்துக்குத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத் தமிழன் செய்த ஏற்பாடு இது. தமிழனே அதை முறியடிக்கவும் செய்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து. எங்கள் வீட்டுச் சம்படம் ஒன்றில் 'தம்பதியினர்' என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எந்தத் தம்பதியினர்? என் மனைவியைக் கேட்டால் உங்கள் பக்கம் என்கிறாள். நான் அவள் பக்கம் என்கிறேன். முப்பது வருஷமாக அதில் உளுந்து இருக்கிறது.

வெட்டிய ஊர்ப் பெயராவது நிலைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நான் வீடு மாறாமலே செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துக்குப் போனேன், 1997இல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனேன், 2019இல் மறுபடி செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்தேன். குடத்தில் மாவட்டம் வெட்டியவர்கள் குடத்தை மாற்றவா முடியும்?

சரி, எங்கே விட்டேன்? டம்ளர். டம்ளர் என்றால் விளிம்பு மடிந்தது, டபராவோடு வருவது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உருண்டு விழுவது என்று அர்த்தம். ஆதியில் அடியை உருண்டையாகச் செய்தார்களாம், குடித்துக் காலி செய்யாமல் கீழே வைக்க முடியாது. ஆனால் இந்தக் கருப்பு டம்ளருக்கு இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். 1892இல் ஜேம்ஸ் டூவார் என்ற விஞ்ஞானி சோதனைச் சாலைக்காகச் செய்த சமாசாரம். ஊற்றிய காப்பி மணிக்கணக்கில் கொதிக்கிற சூட்டிலேயே கிடக்கிறது. காப்பியை ஆற்றுவதற்கென்றே தனியாக ஒரு பாத்திரம் வைத்திருக்கிற நமக்கு, ஆறவே ஆறாத டம்ளர் எதற்கு? எனக்கு நாக்கு பொத்துப்போனதுதான் மிச்சம்.

ரிசார்ட்டிலிருந்து வருகிற வழியில் சாளுவன்குப்பத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். அங்கே அதிரணசண்ட மண்டபத்தில் பல்லவர்கள் ஒரே சுலோகங்களை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு எழுத்துரு, கருங்கல், கையில் உளி. ஆயிரத்து முந்நூறு வருஷத்தில் ஒரு புள்ளிவட்டம் கூடக் கிளம்பவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இதை மச்சினன் மகனுக்கு விளக்கினேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேர் ஆசையில் அந்த ராஜாக்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இருநூறுக்கும் மேற்பட்ட பட்டப்பெயர்களை வெட்டிவைத்தான். எழுத்துக்குக் காசு என்றிருந்தால் என் அப்பா மாதிரி ஆர்.எஸ். என்று முடித்திருப்பானோ என்னவோ. ஆனால் எனக்குப் பிடித்தது மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிப் பாறைதான். அங்கே கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று கல்வேலை செய்தவர்கள் தங்கள் பெயர்களைத் தாங்களே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். விருந்தும் இல்லை, யானைக்குட்டியும் இல்லை. இன்று அந்தப் பக்கத்துப் பாதுகாக்கப்பட்ட சின்னம் எதிலாவது சாவியால் பெயர் கிறுக்கினால் சட்டப்படி இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என் பெயரைக் கெடுத்ததற்கு ஒரு செக்‌ஷனும் கிடையாது.

இவ்வளவு திட்டுகிறவன் என்ன செய்தேன் தெரியுமா? தை மாதம் எனக்கு மணிவிழா. நூறு டம்ளருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். "மாமாவுக்குன்னா அசல் விலைக்கே" என்றான். என் பெயரைக் காகிதத்தில் கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். அப்படியே படமாக வெட்டிவிடுவானாம். என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் என் மனைவி. அவளும் அதைப் பார்த்துவிட்டு "இது யாரு?" என்றாள்.

நேற்று அவள் எதிர் வீட்டு அக்காவுக்குப் பாயசம் கொடுத்தனுப்பினாள், அந்தக் கருப்பு டம்ளரில்தான். இன்று காலை டம்ளர் திரும்பி வந்தது. வெறுமனே கொடுக்கக் கூடாது என்று உள்ளே ஒரு கைப்பிடி சர்க்கரை. திருப்பிப் பார்த்தேன். யானைக்குட்டி இருந்த இடத்தில் இரண்டு அன்னப்பறவைகள், யாரோ மணமக்கள், போன ஆவணித் தேதி. மறுபக்கம் எதிர் வீட்டுக்காரர் பெயர் முழுசாக, எழுத்துப் பிசகாமல்.

"மாறி வந்திருக்குடி" என்றேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "மூடி மட்டும் நம்மளோடதுதான்" என்றாள்.