ஆறாங்கிளாஸா? ரொம்ப லேட்டு மாப்ளே!

மாப்ளே, உன் பையனை ஆறாங்கிளாஸ்லயே ஐஐடி ஃபவுண்டேஷன் பேட்சுல சேத்துட்டியாமே! அடடா, லேட் பண்ணிட்டியேப்பா. எங்க பொண்ணு மாசமா இருக்கறப்பவே ஒரு துண்டு போட்டு வெச்சிருக்க வேணாமா?

நம்ம புத்தலப்பட்டுக்கு இந்த யாவாரம் புதுசா என்ன? மாமரம் பூ எடுக்கறதுக்கு முன்னாடியே தோப்பைக் குத்தகை பேசற ஊராச்சே. என்ன, அங்க அட்வான்ஸ் கொடுக்கறவன் யாவாரி. இங்க தோப்பையும் கொடுத்து, அட்வான்ஸையும் நீயே கட்டற. சமத்துதான்!

வெட்கப்படாதே, அமெரிக்காக்காரனும் உன் ஜாதிதான். அங்க நவம்பர்லயே மனு வாங்கற பெரிய காலேஜுங்க இருக்கு. சிலதுல, சீட்டு கிடைச்சா வேற எங்கயும் போகமாட்டேன்னு முன்னாடியே கையெழுத்துப் போடணும். பீஸு எங்க கம்மின்னு நாலு இடம் விசாரிக்கறவன் அதுல எப்படிப் போடுவான்? வசதி உள்ளவன் போடுவான். இது பணக்காரப் பிள்ளைகளுக்கே தோதா இருக்குதுன்னு 2006-ல ஹார்வர்டு தன்னோட முன்கூட்டிய சேர்க்கையையே நிறுத்தறேன்னு சொல்லுச்சு. 2011-ல மறுபடி கொண்டாந்துடுச்சு. பெரிய எடத்து வைராக்கியம், அஞ்சு வருஷம் தாங்குச்சே, அதைச் சொல்லு.

நம்ம ஐஐடியில அந்தக் குறுக்கு வழியும் இல்ல மாப்ளே. முதல்ல மனு போட்டவனுக்கு முதல் சீட்டுன்னு கிடையாது. ஜேஇஇ மெயின் பரீட்சை ஜனவரியில ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு. எது நல்லா வந்ததோ அது கணக்கு. 2024-ல 14 லட்சம் பேருக்கு மேல பேரு கொடுத்தாங்க. அடுத்த கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத விட்டது மேல இருக்கற இரண்டரை லட்சத்தை. அந்த வருஷம் 23 ஐஐடிக்கும் சேத்து சீட்டு 17,000-க்குச் சொச்சம். உன் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள்ல வந்தானே காலேஜு பிஆர்ஓ, ஸ்டாம்பு சைசு போட்டோவா அடுக்கின நோட்டீஸை விரிச்சு, மோரு வாங்கிக் குடிச்சானே, அவன் இந்தக் கணக்கைச் சொன்னானா?

ஏர்ப்பேட்டுல திருப்பதி ஐஐடி இருக்கே, பக்கத்து ஊருக்காரன்னு பாத்துக் கொடுப்பாங்கன்னு நெனைக்கிறியா? ஐஐடிக்கு ஊரும் இல்ல, உறவும் இல்ல. தாடேபல்லிகூடத்துல என்ஐடி இருக்கு. அதுலதான் பாதி சீட்டு ஆந்திராப் பிள்ளைங்களுக்கு. பிஆர்ஓ அதை எதுக்குச் சொல்லப் போறான், அவனுக்கு அதுல கமிஷனா வருது?

இன்னொண்ணு. 16 வயசு ஆகாத பிள்ளைங்களைக் கோச்சிங் சென்டர்ல சேக்கக்கூடாதுன்னு 2024 ஜனவரியில மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டுதல் போட்டுச்சு. அதனாலென்ன, வாசல்ல ஸ்கூலுன்னு போர்டு மாட்டிட்டா ஆறாங்கிளாஸ் பையனும் உள்ள போலாம். எவ்ளோ மூளை பாத்தியா, இவங்களை இல்ல ஐஐடியில சேக்கணும்!

அதே வழிகாட்டுதல்ல, முழு பீஸும் கட்டின பையன் நடுவுல நின்னா மிச்சப் பணத்தைப் பத்து நாளுக்குள்ள திருப்பணும்னும் இருக்கு. அடுத்த தவணை கட்டறதுக்கு முன்னாடி, எங்களுக்கும் அது பொருந்தும்னு அந்த பிஆர்ஓகிட்ட எழுதி வாங்கிக்கோ. எழுத மாட்டேன்னா, காணிப்பாக்கம் பக்கத்துலதானே இருக்கு, கொளத்துல முங்கி எழுந்து விநாயகர் முன்னாடி சத்தியம் பண்ணிட்டு வரச் சொல்லு. பஸ் சார்ஜு நான் தரேன்.