சும்மா விடுங்க சார்

மிளகு எங்கள் வீட்டுக்கு மழைக்கு ஒதுங்கி வந்த பூனைக்குட்டி. நிறம் கறுப்பு, உருவம் சின்னது, காரம் ஜாஸ்தி. பெயர் வைக்க யாரும் யோசிக்கவேண்டி வரவில்லை.

8 வாரம் ஆனதும் முதல் தடுப்பூசி. காய்கறிக் கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, கொடிக்கயிற்றால் கட்டி எடுத்துப் போனேன். “உள்ள என்ன சார், கோழியா?” என்றார் ஆட்டோக்காரர். பதிலை மிளகே சொல்லிவிட்டது.

டாக்டர் ஊசியை எடுத்தார். மிளகு வாயே திறக்கவில்லை. “ஆ” என்று கத்தியது நான். உதவியாளர் ஓடி வந்து ஒரு ஸ்டூலும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார், எனக்கு.

“மூணு வியாதிக்கு இந்த ஒரே ஊசி. மூணு வாரம் கழிச்சு அடுத்தது. வெறிநாய்க்கடிக்கு மூணு மாசம் ஆனப்புறம் போடலாம். ஒவ்வாமை ஏதாவது வருதான்னு பாக்கணும், கால் மணி நேரம் உக்காருங்க. இன்னிக்கு, மிஞ்சினா நாளைக்கு, சோர்வாக் கிடக்கும். சும்மா விடுங்க சார்.”

அருணகிரிநாதருக்கு முருகன் செய்த உபதேசமும் ஏறக்குறைய இதுதான் என்பார்கள். ஞானிகளுக்கே லேசில் கைகூடாத காரியம். எங்கள் வீட்டில் நாலு பேர்.

திரைச்சீலையில் ஏறி நூல் நூலாக உருவுகிற ஜீவன், வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டது. கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“ஊசி போட்டா காய்ச்சல் வரத்தான்டா செய்யும். உனக்கும் வந்துச்சு” என்றாள் அம்மா. அதுவரை சரி. உடம்பு நோயோடு போரிட ஒத்திகை பார்க்கிறது, அதில் கொஞ்சம் சூடேறும். ஆனால் அம்மா அடுத்த நிமிடம், பேரனுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்போடு வந்து நின்றாள். “ரெண்டே ரெண்டு சொட்டு.”

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று டாக்டருக்கு போன் போட்டேன். அவ்வளவு சாந்தமான மனிதர் குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொன்றுவிடலாம். சிரப் பரணுக்குப் போனது. அம்மா வெகுநேரம் பேசவில்லை.

மனைவி பால் கொண்டுவந்தாள். அதற்கும் தடை: நிறையப் பூனைகளுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். சினிமாவில்தான் பூனையும் பாலும் ஜோடி.

எதிர்வீட்டு மாமா வந்து வயிற்றில் புறங்கையை வைத்து, “கொதிக்குதே!” என்றார். பூனைக்கு 100.5 முதல் 102.5 டிகிரி வரை சாதாரணச் சூடு. நம் கைக்கு எல்லாப் பூனையும் பிறவிக் காய்ச்சல்காரர்தான். “அப்ப தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்துடுவோம்” என்றார். எங்கே வைக்கவேண்டும் என்று சொன்னேன். மாமாவுக்கு வீட்டில் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

ராத்திரி கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டேன். அரை மணிக்கொரு தரம் டார்ச் அடித்து, வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். தூங்குகிற நோயாளியை எழுப்பி “தூக்கம் வருதா?” என்று கேட்கிற வார்டு உத்தியோகம். மூன்றாம் தரம் மிளகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் டாக்டரின் அதே மூன்று வார்த்தைகள் இருந்தன.

விடிகாலை ஐந்து மணிக்கு சமையலறையில் தட்டு விழுந்தது. உப்பில்லாமல் வேகவைத்து மூடி வைத்திருந்த கோழிக்கறியை மிளகே திறந்து பரிமாறிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்ததும் நேரே திரைச்சீலை.

நான் எழ முயன்றேன். கழுத்து திரும்பவில்லை. முகமெல்லாம் கொசுக்கடி, அடுக்குத் தும்மல், உடம்பு அனல். அம்மா பரணிலிருந்து சிரப்பை இறக்கிக்கொண்டு வந்தாள். “உனக்குக் குடுக்கலாமில்ல?”

உங்கள் வீட்டுக் குட்டியும் ஊசி போட்டபின் ஒரு நாள், இரண்டு நாள் சோர்ந்து கிடந்தால் ஒரு மூலை, கொஞ்சம் தண்ணீர், வெதுவெதுப்பான சாப்பாடு போதும். முகம் வீங்கினாலோ, மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ, மூச்சு திணறினாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாலோ மட்டும் சும்மா இருக்காதீர்கள், கூடையைத் தூக்குங்கள். மருந்து அலமாரியை மறந்துவிடுங்கள்.

அடுத்த ஊசி மூன்று வாரத்தில். இந்தத் தடவை கூடையோடு உள்ளே போகப்போவது என் மனைவி. டாக்டர் சொன்ன யோசனைதான்.