கிடைக்காத தாள்: யாழ்ப்பாணத்து விடுப்பியலுக்கு ஒரு முன்னுரை

விடுப்பு என்னும் சொல் தமிழ்நாட்டு அலுவலகங்களில் விண்ணப்பித்துப் பெறும் ஓய்வுநாளைக் குறிக்க, யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது எவரிடமும் விண்ணப்பிக்காமல், ஓய்வு என்பதே இல்லாமல் செய்யப்படும் ஒரு பணியைக் குறிக்கிறது. தனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லாத விடயத்தை அடிமுடி காணும்வரை அறிய விழையும் வேட்கையும், அவ்வேட்கையால் திரண்ட அறிவும், அவ்வறிவை இன்னொருவரிடம் இறக்கிவைக்கும்வரை நெஞ்சில் கிடந்து உறுத்தும் பாரமும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே விடுப்பு. அதன் விளைபொருளுக்குப் புதினம் என்று பெயர். நாவல் என்ற பொருளில் தமிழ்நாட்டார் வழங்கும் இச்சொல் குடாநாட்டில் செய்தியைச் சுட்டுவது, ஆதலால் சந்தியில் ஒருவர் “என்ன புதினம்?” என்று கேட்டால் அவர் இலக்கிய விசாரணையில் இறங்கிவிட்டார் என்று வெளியூரார் மயங்கலாகாது. அக்கேள்விக்கு முறையான விடை “ஒரு புதினமும் இல்லை” என்பது. அவ்விடை பேச்சு முடிந்ததற்கு அன்று, தொடங்கியதற்கே அறிகுறியாகும். அதைச் சொன்னவர் அதன்பின் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கதைப்பார்.

அவ்வாறு கதைக்கும் ஒருவர் சித்திரக்கதை நாயகன் இரும்புக்கை மாயாவியில் தொடங்கி, ரிக்ரொக்கில் ஒரு பெட்டை ஆடிய ஆட்டத்துக்குத் தாவி, தேங்காய் விலையில் வந்து நிற்பதைக் கேட்போர், அது ஒழுங்கற்ற பேச்சு, பொழுதுபோகாதவன் புலம்பல் என்று தள்ளிவிடுவது வழக்கம். இது தவறான கொள்கை. சித்திரக்கதை, இணைய வேடிக்கை, நாட்டு நடப்பு ஆகிய மூன்றும் விடுப்பரிடம் (விடுப்பில் தேர்ந்தவரை இவ்வாறு அழைப்பது பொருந்தும்) குறையுள்ள நிலையிலேயே வந்து சேர்கின்றன என்பதும், ஒவ்வொன்றிலும் ஒரு தாள் இல்லை என்பதும், அந்த இல்லாத தாளைத் தாமே எழுதிச் சேர்ப்பதுதான் அவருடைய பேச்சு முழுவதும் என்பதும் இவ்விசாரணையின் துணிபு.

இதற்குச் சான்றாக ஒரு மாதிரி ஆளைக் கொள்ளலாம். ஓய்வுபெற்ற கிளாக்கர் என்பதே குடாநாட்டில் இத்துறைக்கு உரிய பண்டிதர் பட்டமாதலால் அவரையே கொள்வது தகும். மாலை நாலரை மணிக்கு அவர் வாசிகசாலைக்கு வருகிறார். வாசிகசாலையாவது, ஊரார் காசு சேர்த்துக் கட்டி, ஒரு நீள மேசையும் இரண்டு வாங்குகளும் இட்டு, நாளிதழ்களைப் பொதுவில் வைத்திருக்கும் படிப்பிடம். அங்கே நாளிதழ் ஒன்றாகக் கிடப்பதில்லை. காலையில் வந்தவர்கள் அதைத் தாள் தாளாகப் பிரித்துவிடுவர். முதல் தாள் ஒருவர் கையிலும், விளையாட்டுத் தாள் ஒரு பெடியன் கையிலும், நடுத்தாள் சுவர்ப்பக்கம் இருப்பவரின் துடையின் கீழும் இருக்கும். கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, எஞ்சிய தாளை எடுத்து, ஒரு சூடான செய்தியின் பாதியை வாசித்து, “தொடர்ச்சி 7ஆம் பக்கம்” என்ற இடத்துக்கு வந்து நிமிர்கிறார். 7ஆம் பக்கம் துடையின் கீழ் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது மரியாதை அல்ல; கேட்காமல் இருப்பதும் முடியாத காரியம். இந்த இக்கட்டிலேதான் விடுப்பியல் பிறக்கிறது. தொடர்ச்சியில் என்ன இருக்கக்கூடும் என்று அவர் சத்தமாகச் சொல்லத் தொடங்குகிறார். துடையின் கீழ் வைத்திருப்பவர், அதைத் தாம் வாசித்திராதபோதும், மறுக்கத் தொடங்குகிறார்.

குடாநாட்டில் புதினம் அச்சேறியது 1841இல், அமெரிக்க மிஷனரிமார் உதய தாரகையைத் தொடங்கிய ஆண்டில். அதற்கு முன் அது கிடுகுவேலியின் பொட்டு வழியே, அதாவது கோழியும் பிள்ளைகளும் அயல்வளவுக்குள் நுழைவதற்கென வேலியில் விடப்பட்ட இடைவெளி வழியே, பரவிற்று. அச்சு வந்தபின் பொட்டு அடைபட்டது என்று கருதுவோர் குடாநாட்டை அறியாதோர் ஆவர்.

சித்திரக்கதைக்கு வருவோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. பிரித்தானிய வார இதழான வேலியண்டில் 1962இல் பிறந்த இந்நாயகன் வலக்கையை இழந்து இரும்புக்கை பூண்டவன்; உடலில் மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை ஒன்று தவிர முழு ஆளும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவான். இதில் ஆய்வாளர் கவனிக்கத் தவறிய ஒன்றைக் கிளாக்கர் கவனித்திருக்கிறார். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, ஆண்டுக்கணக்காக வராமலே இருந்த காலத்தில், மாயாவி யாழ்ப்பாணத்தில் வந்து மாட்டியிருந்தால் அவனால் மறைந்திருக்கவே முடியாது. மற்றவர்களைப் போல அவனும் இரும்புக்கையோடு மண்ணெண்ணெய்க்கு வரிசையில்தான் நின்றிருக்க வேண்டும். கிளாக்கரின் இக்கூற்று பகடிபோலத் தோன்றினும், ஒரு வீரனின் ஆற்றல் அவன் இருக்கும் ஊரின் விநியோக நிலைமையைப் பொறுத்தது என்னும் பெரிய உண்மையைத் தன்னுள் அடக்கியிருப்பது காண்க.

இவ்விதழ்கள் கடலைத் தாண்டிச் சீராக வந்ததில்லை. 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் போர் வந்தது. ஆகையால் வந்த பிரதி ஒன்றே பத்துக் கைகள், இருபது கைகள் மாறியது. கைமாறும் நூலில் முதலில் கழல்வது அட்டை, அடுத்துக் கழல்வது கடைசித் தாள். கொள்ளைக்காரரின் குகைக்குள் மாயாவி நுழைந்து, சுவரில் மின்கம்பியைத் தேடும் கட்டத்தோடு கதை நின்றுவிடும். அதன் பிறகு நடந்தது என்ன என்பதை முன்பு வாசித்தவனிடம் கேட்டறிய வேண்டும். அவனுக்குக் கிடைத்த பிரதியிலும் அத்தாள் இருந்திராது. ஆயினும் அவன் சொல்லுவான். இப்படி ஒரே கதைக்குக் கொக்குவிலில் ஒரு முடிவும் நெல்லியடியில் வேறொரு முடிவும் வழங்கின என்றும், இரண்டும் சிவகாசி முடிவைவிட மேலானவை என்றும் கொள்வதில் இவ்வாய்வுக்குத் தயக்கம் இல்லை.

உள்ளூர்ச் சித்திரத்தை விட்டுவிட்டால் இப்பகுதி ஊனமுடையதாகும். சி. சிவஞானசுந்தரம் என்னும் சுந்தர் 1960களில் கொழும்பில் தொடங்கிப் பின் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த சிரித்திரன் இதழ், சவாரித்தம்பர் என்னும் பாத்திரத்தை ஊருக்கு உறவினர் ஆக்கிற்று. சவாரி என்பது குடாநாட்டில் மாட்டுவண்டிப் போட்டியோட்டம். பெயரிலேயே தம்பரின் குணமும் வேகமும் அடங்கிவிடுகின்றன. சுந்தர் செய்த முதன்மையான காரியம், சித்திரத்தின் வாயில் ஏட்டுத் தமிழை வையாமல் ஊர்ப்பேச்சை வைத்தது. அதே இதழில் மகுடி என்னும் பெயரில் வாசகர் வினாக்களுக்கு விடை தரப்பட்டது; வந்த கேள்வி அரைகுறையாக இருக்க, விடை அதை முழுமையாக்கிக் கேட்டவரின் தலையிலேயே கவிழ்த்தது. சுந்தர் 1996இல் மறைந்தார். இன்று அலைபேசியில் நகைச்சுவை நடிகர் வடிவேலுவின் முகத்தை வெட்டி, அதன் கீழே “உவருக்கு உது தேவையோ?” என்று எழுதி அனுப்பும் பெடியன், தான் சுந்தரின் மாணாக்கன் என்பதை அறியான். முகம் மதுரையினது, வாய் யாழ்ப்பாணத்தினது. மீம் எனப்படுவதன் இலக்கணம் இவ்வளவே.

மீம் என்பதை இங்கு விளக்குதல் தகும். எங்கிருந்தோ கழற்றிய ஒரு படத்தின் மேல் வேறெதற்கோ உரிய சொல்லை ஒட்டி, பார்ப்பவர் இரண்டுக்கும் இடையில் உள்ள தொடர்பைத் தாமே கண்டு சிரிக்கும்படி விடுவது மீம். இதன் உச்சம் 2019 மே மாத இறுதியில் நிகழ்ந்தது. பாகிஸ்தான் சார்ந்த ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைக் காட்டி இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்க, ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், இது விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்றும் சேர்த்தார். 2001இல் வந்த பிரெண்ட்ஸ் திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் அந்நேசமணி. இன்னொருவர் அவர் நலமா என்று அக்கறையோடு விசாரிக்க, உலகத் தமிழர் யாவரும் நேசமணிக்காகப் பிரார்த்திக்கத் தொடங்கினர். இந்தியாவின் புதிய அரசு பதவியேற்ற நாளிலும் அச்செய்தியே மேலோங்கி நின்றது. இலங்கையிலோ அதே ஆண்டு ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின்பின் முகநூலும் வட்ஸ்அப்பும் அரசால் தடைசெய்யப்பட்டு, விடப்பட்டு, மீண்டும் தடைசெய்யப்பட்டிருந்தன. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு நிற்கும் நாட்களில், இல்லாத ஒருவரின் உடையாத மண்டைக்காகக் கவலைப்படுவது குடாநாட்டாருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது தனி நூலாக எழுதத்தக்கது.

சித்திரக்கதையில் இல்லாமற்போனது கடைசித் தாள் என்றால், அலைபேசியில் வரும் காணொளியில் இல்லாமற்போவது முதல் தாள். முப்பது விநாடிக் காணொளியில் ஒருவர் அடிக்கிறார், ஒருவர் அடி வாங்குகிறார். ஏன் என்பதற்கான பகுதியைக் கனடாவிலிருந்து அதை அனுப்பிய மருமகனுக்கும் எவரும் அனுப்பவில்லை. கிளாக்கர் அலைபேசியை முழுக்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, சுட்டுவிரலால் கொட்டன் குத்துவதுபோல் குத்தி, முழு வாசிகசாலைக்கும் கேட்க ஓடவிட்டு, “உது காணித் தகராறு” என்று தீர்ப்பளிக்கிறார். மற்றவர் “இல்லை அண்ணை, உது பழைய வீடியோ” என்கிறார். குடாநாட்டில் காணொளி எதுவாயினும் அதன் முதல் தாள் காணித் தகராறு என்று கொள்வது பெரும்பாலும் பிழைப்பதில்லை. நேரலை எனப்படும், நடக்கும்போதே காட்டப்படும் காணொளியில் தாள் எதுவும் குறையாது என்று வாதிடுவோர், அலைபேசி பிடித்திருப்பவரின் முதுகுப்புறம் அதில் விழுவதில்லை என்பதை மறக்கின்றனர். 2024இல் சாவகச்சேரி வைத்தியசாலையிலிருந்து நேரலைகளால் அறியப்பட்ட மருத்துவர் ஒருவர் அவ்வாண்டு நவம்பரிலேயே நாடாளுமன்றம் சென்றார். அம்முதுகுப்புறத்தைப் பற்றி அதன்பின் வாசிகசாலைகளில் கதைக்கப்பட்டதன் அளவு, நேரலைகளின் மொத்த நீளத்தை மிஞ்சும்.

நாட்டு நடப்பில் நடுத்தாளே குறையும். மின்சாரமும் பற்றரியும் இல்லாத போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் சைக்கிளை நிறுத்தி வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, டைனமோவின் மின்னில் வானொலி உயிர்பெற்று, இரவு 9.15க்கு லண்டன் பிபிசி தமிழோசை ஒலிக்கும். சுழற்றுபவரின் கை தளரும் கணத்தில் குரல் தேய்ந்து மறையும். எந்த ஊர் என்பதோ எத்தனை பேர் என்பதோ அவ்விடைவெளியில் விழுந்துவிடும். கை மாறியபின் குரல் திரும்ப வரும்போது செய்தி வேறு நாட்டுக்குப் போயிருக்கும். விழுந்த சொல்லை அங்கிருந்தவர்கள் கூடிக் கதைத்து நிரப்பினர். அந்நாளைய நாளிதழ்கள் பள்ளிக் கொப்பியின் கோடிட்ட தாளில்கூட அச்சாயின. ஆதலால் தாள் என்பது அங்கே வெறும் உவமை அன்று. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களின் தாள்கள் இல்லாமற்போயின. அவற்றைக் கதைத்து நிரப்ப எந்த விடுப்பராலும் இயலாது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் பழைய ஈழத்து ஏடுகளைப் படம்பிடித்துச் சேர்த்து வருகிறது. சவாரித்தம்பரை இன்று பார்க்க விரும்புவோர் அங்கே பார்க்கலாம்.

எஞ்சியது மரண அறிவித்தல். நாளிதழின் எல்லாத் தாள்களிலும் இதுவே முதலில் கைப்பற்றப்படுவது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும், ரொறன்ரோவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, அன்னாரின் மக்கள், மருமக்கள், பேரர் என நிரல்படும் இவ்வடிவம் ஒரு குடும்பத்தின் நாற்பதாண்டு இடப்பெயர்வை ஒரே வாக்கியத்தில் சுருக்குவது. சாதாரண வாசகர் அதில் உள்ள பெயர்களை வாசிக்கிறார். விடுப்பர் அதில் இல்லாத பெயரை வாசிக்கிறார். மூன்று ஆண்மக்கள் என்பது கிளாக்கருக்கு நிச்சயம். அச்சில் இரண்டு பெயரே உள்ளன. விரல் மேலும் கீழும் ஒருமுறை போய் வருகிறது. கண்ணாடி கழற்றப்படுகிறது. “நடுவிலான் ஆரையோ கட்டிக்கொண்டு போனவனெல்லோ, அதுதான் விட்டிட்டினம்” என்று ஒருவர் மெல்லச் சொல்ல, “இல்லை, இருக்கிறவனாம், கதைபேச்சு இல்லையாம்” என்று இன்னொருவர் திருத்துகிறார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சற்று நேரம் பேசாதிருக்கின்றனர்.

இங்கு “ஆம்” என்னும் ஈறு நோக்கத்தக்கது. இருக்கிறவனாம், இல்லையாம் என வரும்போது, சொல்பவர் கூற்றைத் தருகிறார், பொறுப்பை ஏற்கவில்லை. செய்தி நிறுவனங்கள் நம்பத்தகுந்த வட்டாரங்கள் என்று நீட்டி எழுதுவதைத் தமிழ் இரண்டு எழுத்தில் முடித்துவிட்டது. “ஆர் சொன்னது?” என்று மடக்கிக் கேட்கப்பட்டால் விடுப்பர் ஒருபோதும் ஒரு பெயரைச் சொல்லார், “சனம் கதைக்குது” என்பார். மேலும் தோண்டுவது ஊர் வழக்கன்று.

கிளாக்கரின் இளமையில் பாதியில் நின்ற அந்த மாயாவி கதை பின்னாளில் சிவகாசியிலேயே மறுபதிப்பாயிற்று. இந்தியா போய்வந்த உறவுப் பெடியன் ஒருவன் அதை வாங்கி வந்து கொடுக்க, அவர் வாசிகசாலை வாங்கில் இருந்தபடியே முதலிலிருந்து வாசித்து, சுவரில் மின்கம்பியைத் தேடும் கட்டத்தைத் தாண்டி, ஐம்பது ஆண்டாகக் கிடைக்காதிருந்த கடைசித் தாளையும் புரட்டி முடித்தார். பிறகு புத்தகத்தை மூடி மேசையில் வைத்து, “உது பிறகு ஆரோ சேர்த்தது” என்றாராம்.