தலையணையின் திசை: பாலித் தீவில் ஒரு மாதம் தனித்துத் தங்குவோர் குறித்த முன்னாய்வு

அயல்நாட்டுத் தீவொன்றில் ஒரு மாதம் தனியாகத் தங்கப் போகிறவருக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. சிம் கார்டு எங்கே வாங்குவது, ஸ்கூட்டருக்கு என்ன வாடகை, தண்ணீர் கேனுக்கு யாரிடம் சொல்வது, எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். முதல் இரவு தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அறிவுலகின் இந்த ஓட்டையை, இந்தோனேசியாவின் பாலித் தீவைக் களமாகக் கொண்டு, இக்கட்டுரை அடைக்க முற்படுகிறது.

முதலில் ‘ஒரு மாதம்’ என்பதை வரையறுத்தாக வேண்டும். விமான நிலையத்தில் தரும் வருகை விசாவுக்கு அது 30 நாள். இறங்கிய நாளும் அதில் சேர்த்தி. பாலியின் 210 நாள் பவுக்கோன் நாட்காட்டியில் மாதம் 35 நாள். நம் பஞ்சாங்கத்திலோ 29 முதல் 32 வரை எதுவும் நடக்கும். குடிநுழைவு அதிகாரியோடு வாதிடும் தெம்பு ஆய்வாளருக்கு இல்லாததால் 30 என்றே கொள்வோம்.

இனித் திசைக்கு வருவோம். பாலியில் இடமும் வலமும் இரண்டாம்பட்சம். மலைப்பக்கம் கஜா, கடல்பக்கம் கெலோட், சூரியன் எழும் பக்கம் காங்கின், விழும் பக்கம் கவூ. மலையும் கிழக்கும் உயர்ந்தவை. கடலும் மேற்கும் தாழ்ந்தவை. வீட்டுக் கோயில் மலையும் கிழக்கும் கூடும் மூலையில் இருக்கும். பன்றிக் கொட்டில் இருந்தால் அது எதிர்ப்பக்கம். இது விளையாட்டல்ல. 1930களில் அங்கே வாழ்ந்த கனடா இசையமைப்பாளர் காலின் மெக்ஃபி ஒரு சிறுவனை நடனம் பழக வேற்றூருக்கு அனுப்பியதைச் சொல்லியிருக்கிறார். மலை எந்தப் பக்கம் என்று புரியாததால் பையனுக்கு ஓரடி எடுத்து வைக்க வரவில்லையாம். அந்த ஊர்ச் சிறுவன் கதியே அதுவென்றால், திருச்சியிலிருந்து கூகுள் மேப்பை நம்பிப் போய் இறங்குகிறவரின் கதி என்ன?

இந்தத் தீவில் தலை வைக்க உரிய பக்கம் கஜா அல்லது காங்கின். உபுதில், பொதுவாகத் தென்பாலி முழுவதிலும், கஜா என்பது வடக்கு. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கும் நம் பாட்டிமார் வடக்கே தலை வைப்பதில் மட்டும் இறங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை. வடக்கே தலை வைத்துப் படுத்த யானையின் தலைதான் பிள்ளையாருக்குப் பொருத்தப்பட்டது என்ற முன்னுதாரணமும் அவர்கள் கையில் இருக்கிறது. இரத்தத்திலுள்ள இரும்பைப் பூமியின் காந்தம் இழுக்கும் என்று இதற்கு விஞ்ஞான விளக்கம் தரும் மாமாக்களை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போய் முழுசாகத் திரும்பியவர்கள் அத்தனை பேரும் அவர்களுக்கு எதிர்ச்சாட்சி. ஆனால் பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 8 பாகையில் கிடக்கிறது. கோட்டைத் தாண்டினால் பாட்டியின் விதி தலைகீழாகுமா என்ற கேள்வி நியாயமானதே. பாட்டிமார் அதிகார எல்லை எதையும் குறிப்பிடாததால், விதி உலகம் முழுவதற்கும் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

வடகரையிலுள்ள சிங்கராஜாவில் தங்குகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே மலை தெற்கே இருப்பதால் தெற்கே தலை வைத்தால் இரு தரப்புக்கும் சம்மதம். அவரை நிம்மதியாகத் தூங்கவிட்டுவிட்டு நாம் உபுதுக்குத் திரும்புவோம்.

கிழக்கே வைத்துவிட்டால் தீர்ந்தது என்று அவசரக்காரர் சொல்வர். தீரும்தான்; ஆனால் ஆய்வென்று வந்தபின் போதும் என்பதில் நின்றுவிடலாமா? இரு மரபிலும் உச்சமான மூலை ஒன்றே. அவர்களுடைய கோயில் மூலை, நம்முடைய ஈசானிய மூலை: வடகிழக்கு. அறையில் கிடப்பதோ தம்பதிகளுக்கென்று போட்ட 160க்கு 200 சென்டிமீட்டர் கட்டில். துணையோடு வந்தவர் இதில் குறுக்கே படுக்க முடியாது. படுத்தால் அடுத்த விமானத்தில் தனியராகிவிடுவார். ஏற்கெனவே தனியராக வந்தவருக்கோ 256 சென்டிமீட்டர் மூலைவிட்டம் முழுவதும் சொந்தம். தனிமையின் பயன்களைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. இதை விடக் கைக்கு எட்டிய பயன் எதையும் ஆய்வாளர் கண்டதில்லை.

இங்கே ஒரு நுட்பம். கட்டிலின் தலைமாடு வடக்கே இருந்தால், குறுக்கே படுக்கும் உடல் வடக்கிலிருந்து 39 பாகையே விலகும். பாட்டியின் கணக்கில் அது வடக்குதான். தலைமாடு கிழக்கே இருந்தால் அதே 39 பாகை கிழக்கிலிருந்து அளக்கப்படும். வடக்கு 51 பாகைக்கு அப்பால் போய்விடும். ஆகவே வந்திறங்கிய மாலையே கட்டிலைத் திருப்பிப் போடுவது உத்தமம். வீட்டுக்கார அம்மாள் ஏனென்று கேட்டால் கோயில் மூலையைக் கைகாட்டினால் போதும்.

மிஞ்சுவது கால். தலை வடகிழக்கே போனால் கால் தென்மேற்கே நீளும். பாலிக் கணக்கில் காலுக்கு அதுவே தக்க இடம். நமக்கோ அது கன்னி மூலை. கணபதி வீற்றிருக்கும் இடம். வடக்கே தலை வைத்தவரின் தலையைச் சுமக்கும் தெய்வத்தை நோக்கி, வடக்கைத் தவிர்த்தவர் இரவெல்லாம் காலை நீட்டிக் கிடப்பது முறையா? முழங்காலை மடக்கிக்கொள்ளலாம் என்று ஒரு தீர்வு பரிசீலிக்கப்பட்டது. ஆனால் காலை மடக்கினால் உடல் மூலைவிட்டத்தை விட்டு விலகுகிறது, கோணம் மாறுகிறது, 39ஐ மறுபடி முதலிலிருந்து கணக்கிட வேண்டியிருக்கிறது. அதற்குள் விசா முடிந்துவிடும்.