கார் உள்ளறைக் கிறீச்சொலியின் தோற்றமும் ஒடுக்கமும்: கடையநல்லூர்ச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

கடையநல்லூரிலிருந்து புளியங்குடி நோக்கி 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகும் கார், ஐந்தாறு வருஷம் ஓடியதாக இருந்தால், வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு கிறீச்சை வெளியிடக்கூடும். இதைக் குறித்து வழக்கிலுள்ள கொள்கைகள் மூன்று. சத்தம் வரும் இடத்தில் நாலு சொட்டு விடச் சொல்வோர் எண்ணெய் மரபினர். கண்ணில் படும் ஸ்குரூவையெல்லாம் இறுக்கச் சொல்வோர் திருகு மரபினர். இளையராஜா பாட்டைக் கூடுதலாக வைத்தால் தீர்ந்தது என்போர் பாட்டு மரபினர். முதல் இரு மரபினரும் ஏதோ ஒரு பாகம் கெட்டுப்போனதால்தான் சத்தம் வருகிறது என்று நம்புகிறார்கள். மூன்றாமவர் எதையும் நம்புவதில்லை. கிறீச்சொலி எந்தப் பாகத்துக்கும் சொந்தமில்லை, இரண்டு பாகங்களுக்கு நடுவில் மட்டுமே அது பிறக்கிறது, ஆகவே மருந்தையும் நடுவில்தான் வைக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு.

சான்றுகளைப் பார்ப்போம். நன்றாக இறுகிய இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் சத்தம் போடுவதில்லை. நன்றாக விலகியிருப்பவையும் போடுவதில்லை. ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் சம்பந்திகளைப் போன்ற துண்டுகளே போடுகின்றன. ஒன்று மற்றொன்றைச் சற்று நேரம் பிடித்துக்கொள்கிறது, வண்டி குலுங்கியதும் வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. இது நொடிக்குப் பலநூறு தடவை நடந்தால் காதுக்கு அது கிறீச். அசையாமல் கிடக்கும் நேரம் கூடக் கூடப் பிடிப்பும் கூடுகிறது என்பதைப் பிரெஞ்சுக்காரர் கூலும் மரக்கட்டைகளை இழுத்துப் பார்த்துக் கண்டறிந்தார். அவருடைய உராய்வு ஆய்வு 1785-இல் அச்சேறியது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் லீவுக்கு வரும் வரை ஷெட்டில் கிடக்கும் கார் முதல் நாள் ஓட்டத்தில் கூடுதலாக முனகுவதற்கு, கடையநல்லூரைப் பார்த்திராத கூலும் அன்றே ஒரு காரணம் எழுதிவைத்துவிட்டார்.

இனி வெயில். கலப்பில்லாத பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் ஒரு மீட்டர் நீளமிருந்து 40 டிகிரி சூடேறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நீளும். நீட்சியைக் குறைக்க டால்க் பொடி கலந்து வார்க்கிறார்கள், குறையும், தீராது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இரும்புச் சட்டமும் பிளாஸ்டிக் மூடியும் இப்படி வேறுவேறு அளவில் நீள்கையில் கிளிப்புகள் நெகிழ்கின்றன, விளிம்புகள் உரசுகின்றன. ஆனியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்றும் சாரலும் வந்ததும் அளவுகள் மாறிச் சத்தம் இடம் பெயர்கிறது, சில சமயம் காணாமலும் போகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வண்டி வாய் திறப்பதில்லை என்ற பழைய புகாரில் மர்மம் எதுவுமில்லை. ஒர்க்‌ஷாப் நிழலில் நிற்கும் வண்டிக்குச் சூடும் இல்லை, குலுக்கலும் இல்லை.

ஆகவே ஆய்வுக்கூடம் சாலைதான்; ஆய்வாளர் இருவர் வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்குமுன் கண்ணாடியில் தொங்கும் தஸ்பீ மணி, டேஷ்போர்டுப் பிள்ளையார், கதவுப் பையிலுள்ள சில்லறை, தூணில் தட்டும் சீட் பெல்ட் கொக்கி ஆகியவற்றைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் குளோவ் பாக்ஸ் மூடியின் ஓரம், ஏசி வென்ட், ஸ்டீரியோச் சட்டம், கதவு பேட் என்று ஒவ்வொன்றாக அழுத்துக. எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் அந்த இடுக்கு. விரலை எடுத்ததும் மீண்டும் வந்தால் முடிவு உறுதி.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம்: அம்பாசிடர் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? இருந்தது, கேட்கவில்லை. 2014-இல் உற்பத்தி நின்ற அந்த வண்டியில் எஞ்சினும் திறந்த ஜன்னலும் எல்லாக் கிறீச்சையும் மூடி மறைத்தன. கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட பிறகே சிறு ஒலிகளுக்கு மேடை கிடைத்தது. பாட்டு மரபினர் செய்வது பழைய எஞ்சின் செய்த வேலையைத்தான். பாட்டு முடியும் வரை அது செல்லும். எண்ணெய் மரபினர் நடுவில் கைவைக்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் கருவி தவறு. தேங்காயெண்ணெய் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் தூசியைப் பிடித்துப் பிசினாகும். இன்ஜின் ஆயில் பட்டால் கதவு பீடிங் ரப்பர் ஊதும். திருகு மரபினர் இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் ஸ்குரூ பிடிக்கும் பிளாஸ்டிக் குழலே விரிந்து, முன்பு இல்லாத ஓர் ஆட்டம் பிறக்கும். கல்யாணப் பத்திரிகையை மடித்து இடுக்கில் செருகுவோரே உண்மைக்கு மிக அருகில் வந்தவர்கள். அட்டை நசுங்கித் தட்டையாகும் வரை அவர்கள் பக்கம் வெற்றிதான். வயரிங் கட்டுகள் தடதடக்காமலிருக்கக் கார் கம்பெனிகள் சுற்றும் பஞ்சுத் துணி டேப்பே அதன் முதிர்ந்த வடிவம். மூடியைக் கழற்றி, விளிம்பைத் துடைத்து, உரசும் பக்கத்தில் அதை ஒரு வரி ஒட்டினால் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கைத் தொடாது. வெயிலில் நீளவும் இடமிருக்கும். ரப்பர் உரசும் இடத்துக்கு மட்டும் சிலிகான் கிரீஸ்.

கடைசித் தடை வலுவானது: ஒன்றை அடக்கினால் அதன் பின்னாலிருந்த இன்னொன்று கேட்கிறதே? கேட்கத்தான் செய்யும், பெரிய ஒலி மறைத்திருந்த சிறிய ஒலி அது, புதிதாகப் பிறந்ததல்ல. எனவே ஆய்வுக்கு எல்லை வகுப்பது அவசியம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் கேட்கும் ஒலி வரை டேப் ஒட்டுக. ஓட்டுபவருக்கு மட்டும் கேட்பதைத் தேடி டேஷ்போர்டைக் கழற்றினால், மாட்டும்போது இரண்டு கிளிப்பாவது உடையும். அடுத்த ஆய்வுக்கான மூலப்பொருள் அதிலிருந்தே கிடைத்துவிடும்.